எதிரி கொடுத்த தலைப்பு: மேப்பிள்தார்ப் ஆவணப்படம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்பைப் பற்றி ஃபென்டன் பெய்லியும் ராண்டி பார்பட்டோவும் இயக்கி, 2016இல் எச்பிஓ தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘மேப்பிள்தார்ப்: லுக் அட் தி பிக்சர்ஸ்’ ஆவணப்படத்துக்குத் தலைப்பு கொடுத்தவர், அக்கலைஞரை வெறுத்த ஒருவர். மக்கள் வரிப்பணத்தில் ஆபாசம் வளர்க்கப்படுகிறது என்று அமெரிக்க செனட் சபையில் முழங்கிய அதன் உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், இந்தப் படங்களைப் பாருங்கள் என்று அறைகூவினார். இயக்குநர்கள் அவர் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். எதையும் மங்கலாக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. மயிலாப்பூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் திரைகட்டிப் பார்க்கலாம் என்றிருந்த யோசனையை, எதிர்வீட்டுப் பால்கனியை எண்ணிக் கைவிட்டு, உள்ளறையில் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இதைப் பார்த்தோம்.

1946இல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1989 மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் தமது 42ஆம் வயதில் இறந்த மனிதரின் வாழ்க்கையைப் படம் வரிசையாகவே சொல்கிறது. நியூயார்க்கின் செல்சி ஹோட்டலில் அவரோடு வாழ்ந்த நாட்களின் தோழி, பாடகி பேட்டி ஸ்மித் பழைய பதிவுகளில் மட்டுமே வருவது ஒரு குறைதான். ஆனால் மேப்பிள்தார்ப்பின் சொந்தக் குரலே ஒலிநாடாக்களிலிருந்து தொடர்ந்து கேட்பதால், அந்தக் குறை விரைவில் மறந்துபோகிறது.

படத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகக் காப்பாளர்கள் அவருடைய அச்சுப்படங்களை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, தோலாடையும் சங்கிலியும் நிறைந்த காட்சிகளை, லில்லி மலர்களின் படங்களைப் பேசும் அதே நிதானத்தோடு ஒளி, கோணம், சமநிலை என்று விவாதிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சற்று நேரத்தில் அவர்கள் சொல்வது சரிதான் என்றும் படுகிறது. மற்றொன்று, தம்பி எட்வர்டின் பகுதி. அண்ணனின் ஸ்டுடியோவில் உதவியாளராக உழைத்த அவர் சொந்தமாகக் கண்காட்சியில் இடம்பெறும் நிலை வந்தபோது, குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று அண்ணன் வற்புறுத்த, தாய்வழிப் பெயரான மேக்ஸியை வைத்துக்கொள்ள நேர்ந்தது. இதை எட்வர்ட் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். நிர்வாணப் படம் எதுவும் தராத அதிர்ச்சியை எனக்கு இந்தப் பகுதி தந்தது.

கறுப்பின ஆண்களை மேப்பிள்தார்ப் படமெடுத்த விதத்தைப் பற்றி இயக்குநர்கள் இன்னும் கடுமையாகக் கேட்டிருக்கலாம். கோட்டு சூட்டு அணிந்த கறுப்பின ஆணின் புகழ்பெற்ற 1980ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் அவருடைய தலை சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. ஆளை விட்டுவிட்டு ஆணுறுப்பை மட்டும் வைத்துக்கொண்ட பார்வை அது என்ற நெடுநாள் விமர்சனத்தை ஆவணப்படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

சின்சினாட்டி வழக்கைப் பற்றியும் நான் கூடுதலாக எதிர்பார்த்தேன். அந்த அமெரிக்க நகரில் நடந்த மேப்பிள்தார்ப் கண்காட்சியிலிருந்த 175 படங்களில் ஏழுக்காக, அதை நடத்திய கலை மையத்தின் மீதும் அதன் இயக்குநர் டென்னிஸ் பேரி மீதும் தொடரப்பட்ட ஆபாச வழக்கில், கலையோடு பெரிய பழக்கமில்லாத சாதாரண மனிதர்களைக் கொண்ட நடுவர் குழு, 1990 அக்டோபரில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. இந்தப் படம் வெளிவந்த அதே 2016இல், ஒரு தமிழ் நாவல் மீதான வழக்கில், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கியெறியுங்கள் என்ற பொருள்படச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நினைத்துக்கொண்டு பார்க்கிற நமக்கு, அந்த நீதிமன்ற அறையில் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருக்கத் தோன்றுகிறது.

வயது வந்தோர் மட்டுமே பார்க்க வேண்டிய படம் இது. ஆங்கில உரையாடல்கள் வேகமானவை என்பதால் துணைத்தலைப்புகளோடு பார்ப்பது நல்லது. கருப்பு வெள்ளையில் உருவப்படம் எடுக்கப் பழகும் மாணவர்களுக்கு, அச்சுப்படங்களை மேசையில் பரப்பிப் பேசும் பகுதிகளை மட்டுமாவது இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.