வங்கி மாறியதும், வீட்டின் மேல் கடன் வாங்கியதும்: டர்பனிலிருந்து ஒரு வாடகை வீட்டு அனுபவம்

2019-இல், வாடகைக்கு விட்டிருக்கும் வெஸ்ட்வில் ஃப்ளாட்டின் கடனை வேறு வங்கிக்கு மாற்றினோம். 2022-இல் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் புதிதாகக் கடன் வாங்கினோம். இரண்டுக்கும் இன்னும் மாசாமாசம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். டர்பன் பக்கம் வாடகைக்கு வீடு விடுகிற தமிழ்க் குடும்பங்களில், "ஸ்விட்ச் பண்ணலாமா, வீட்டு மேலேயே எடுக்கலாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வங்கி மாறிய கதை. ஃப்ளாட்டை வாங்கிய காலத்தில் பிரைம் வட்டிக்கு (வங்கிகள் கடனுக்கு வைக்கும் அடிப்படை விகிதம்) மேல் ஒரு சதவீதம் போட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பாண்ட், அதாவது வீட்டுக் கடன், பிரைமை ஒட்டியே ஏறும், இறங்கும். 2019 தொடக்கத்தில் பிரைம் 10.25, எங்கள் வட்டி 11.25. பாக்கி 6 லட்சம் ராண்ட், இன்னும் 15 வருஷம், தவணை 6,914. புதிய வங்கி 9.75 தருவதாகச் சொன்னது. ஆனால் அவர்கள் நீட்டிய தாளில் தவணை 5,691 என்று இருந்தது. மாசம் 1,200 ராண்ட் மிச்சம்! என் வீட்டுக்காரர் அங்கேயே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, அது 20 வருஷத் தவணை. 15 வருஷத்துக்கே வைத்தால் 6,356. வட்டியாக மட்டும் இரண்டுக்கும் நடுவே 2 லட்சத்து 20 ஆயிரம் ராண்ட் வித்தியாசம் வருகிறது. வங்கி மாறுகிறவர்கள் பாதிப்பேர் வழுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தவணை இறங்கியது வட்டி குறைந்ததாலா, வருஷம் கூடியதாலா என்று பிரித்துப் பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது. நாங்கள் 15 வருஷமே வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். தவணை குறைந்த பிறகும் பழைய 6,914-ஐயே கட்டினோம்.

செலவு என்று பார்த்தால், பழைய பாண்டை ரத்து செய்ய ஒரு வக்கீல், புதியதைப் பதிவு செய்ய இன்னொரு வக்கீல், பதிவு அலுவலகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 23,500 ராண்ட் ஆனது. அதோடு ஒரு தண்டச் செலவும் வந்தது. பாண்டை மூட 90 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், பாக்கி நாட்களுக்கு வட்டி பிடித்துக்கொள்ள தேசியக் கடன் சட்டம் இடம் தருகிறது. எங்களுக்காக இந்த மாற்ற வேலையைப் பார்த்தவர் அதைச் சொல்லவே இல்லை. ஒன்றரை மாசம் தாமதமாகக் கடிதம் போனதில் 8,400 ராண்ட் கூடுதலாகப் போனது. முதல் வருஷ வட்டியில் மிச்சம் கிட்டத்தட்ட 9,000. அந்தக் கணக்கில் போட்ட செலவு திரும்பி வரவே மூன்றரை வருஷம் வேண்டும். நாலைந்து வருஷத்துக்குள் விற்கிற எண்ணம் இருந்தால் இந்த வேலை வேண்டாம் என்பேன். மாறலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கிற அன்றே அந்த அறிவிப்புக் கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மாறியதில் எனக்குப் பிடித்த விஷயம் வட்டி கூட இல்லை. புதிய கடன் ஆக்சஸ் பாண்டாக வந்தது. தவணைக்கு மேல் கட்டும் பணம் அசலைக் குறைத்து வட்டியையும் குறைக்கும். வேண்டும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் கூடுதலாகக் கட்டியது, டிசம்பர் போனஸ் எல்லாம் சேர்ந்து அதில் 31,000 ராண்ட் நின்றது. 2020 மார்ச் 27-ஆம் தேதி ஊரடங்கு. எங்கள் ஃப்ளாட்டில் இருந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள், வாடகையும் நின்றது. ஐந்து மாசத் தவணை அந்த 31,000-இலிருந்துதான் போனது. அந்தப் பணம் மட்டும் இல்லாதிருந்தால் ஃப்ளாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருப்போம்.

அப்புறம் 2022. ஏப்ரல் வெள்ளத்தில் சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்பக்கத் தாங்குசுவர் சரிந்தது. காப்பீட்டில் சுவருக்குக் காசு இல்லை என்றார்கள். பின்னால் வாடகைக்கு விடுகிற இரண்டு அறைகளிலும் ஈரம் ஏறி, குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். சுவருக்கு 80,000, அறைகளுக்கு 1,70,000, ஆக 2,50,000 ராண்ட் தேவை. சாட்ஸ்வொர்த் வீட்டில் கடனே கிடையாது. மாமனார் பணமெல்லாம் கட்டி முடித்த வீடு.

வீட்டின் மதிப்பைப் பார்க்க வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். பதினைந்து நிமிஷம். வீட்டைச் சுற்றி அடி வைத்து அளந்தார். கறிவேப்பிலை மரத்தடியில் நின்று பின் அறைகளைப் பார்த்து, "இதற்கு முனிசிபாலிட்டி பிளான் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. மாமனார் காலத்தில் கொத்தனாரை வைத்துக் கட்டியது. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார். மாசம் 7,000 ராண்ட் வாடகை தந்த அறைகள் அவர் கணக்கில் வரவே இல்லை. வீட்டை மட்டும் வைத்தே எங்களுக்கு வேண்டிய தொகை கிடைத்தது, அது வேறு விஷயம். பின்கட்டை நம்பிப் பெரிய கடன் எதிர்பார்க்கிறவர்கள் முதலில் பிளானை வாங்கிவிடுங்கள்.

என் மாமியாருக்கு இந்தக் கடனில் துளியும் இஷ்டமில்லை. டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகஸின் பேரக்ஸிலிருந்து 1960-களில் நிறவெறி ஆட்சியில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பம் அவருடையது. "ஒரு தடவை வீட்டை விட்டு எழுப்பினாங்கம்மா. இந்தப் பத்திரத்தை அலமாரியில் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஃப்ளாட்டின் மேல் வாங்கிய கடன் தப்பினால் ஃப்ளாட் போகும். குடியிருக்கும் வீட்டின் மேல் வாங்கியது தப்பினால் அவர் படுக்கிற அறை போகும். வட்டி விகிதத்தை விட இதுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கருத்து. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: ஓர் அறை காலியாக இருந்தாலும் மற்ற அறையின் வாடகையே தவணையைத் தாங்க வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு காப்பாற்றியது. கையெழுத்துப் போட்டபோது பிரைம் 8.25, 20 வருஷத்துக்குத் தவணை 2,130. ஒரே வருஷத்தில், 2023 மே மாசம் பிரைம் 11.75 ஆனது, தவணையும் 2,700-ஐத் தாண்டியது. ஓர் அறையின் வாடகை 3,500. தாங்கியது. ஃப்ளாட் கடன்தான் மூச்சு முட்ட வைத்தது. உதாரணத்துக்கு, 2021-இல் பிரைம் 7 ஆக இருந்தபோது 10 லட்சம் கடன் வாங்கியவர்களுக்கு, 20 வருஷக் கணக்கில் 7,753 இருந்த தவணை 10,837 வரை போயிருக்கும். 2024 செப்டம்பரில்தான் பிரைம் இறங்கத் தொடங்கியது.

வரி விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். வாடகை வருமானத்துக்காக வாங்கிய கடனின் வட்டியைச் சார்ஸ் (இங்குள்ள வரித்துறை) கழித்துக்கொள்ள விடும். எந்த வீட்டின் மேல் கடன் என்று பார்ப்பதில்லை, பணம் எதற்குப் போனது என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் 2022 கடனில் அறைகளுக்கான 68 சதவீத வட்டியைத்தான் கழிக்க முடிந்தது. சுவர் எங்கள் குடியிருப்புக்கு. அது சுலபம். ஆனால் 2021-இல் மகள் அரங்கேற்றத்துக்கு ஃப்ளாட்டின் ஆக்சஸ் பாண்டிலிருந்து 45,000 எடுத்திருந்தேன். எடுக்க இரண்டு நிமிஷம், போனிலேயே முடிந்தது. அந்தப் பங்கின் வட்டியை ஒவ்வொரு மாசமும் பிரித்துக் காட்டக் கணக்காளர் இரண்டு நாள் உட்கார்ந்தார். இப்போது ஃப்ளாட் கடனிலிருந்து ஃப்ளாட்டுக்கு மட்டும்தான் எடுக்கிறேன். கல்யாணம், படிப்பு எல்லாவற்றுக்கும் தனிச் சேமிப்பு.

வட்டி அதிகம் என்பது மட்டுமே குறை என்றால், வேறு வங்கிக்குப் போகும் முன் சொந்த வங்கியிடம் கேளுங்கள். போன வருஷம் இன்னொரு வங்கி தந்த விகிதத்தை எழுத்தில் வாங்கி எங்கள் வங்கிக்கு அனுப்பினேன். பத்து நாளில் கால் சதவீதம் குறைத்தார்கள். வக்கீலும் இல்லை, பதிவும் இல்லை, 90 நாளும் இல்லை. சாட்ஸ்வொர்த் கடனுக்கு மாசம் 500 கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. பத்திரம் எப்போது வீட்டுக்கு வரும் என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், பாக்கித் தொகையைப் போனில் காட்டுகிறேன்.