டர்பனில் தமிழ் படிக்க: கோவில் வகுப்பா, ஜூமா, வாட்ஸ்அப்பா?

பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பெற்றோர் முன்பெல்லாம் எந்தக் கோவிலில் வகுப்பு நடக்கிறது என்று விசாரிப்பார்கள். இப்போது எந்த ஆப் நல்லது என்று கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே திருத்த ஆள் இருக்கிறாரா? 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழிவந்த குடும்பங்களில், இன்று பாட்டியும் பேரனும்கூட ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். தமிழை வளர்க்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வீட்டில் காதில் விழாத மொழியைச் சட்டம் வந்து பேசவைக்காது.

கோவில் மண்டப வகுப்பின் பலம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர். இங்கே பலர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்தே பாடுகிறார்கள். அதில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. 'வாழ்க' என்பதைப் பிள்ளை 'வால்க' என்று படித்ததும் டீச்சர் நிறுத்தி, "என் வாயைப் பாரு, நாக்கை மேலே மடி" என்று செய்து காட்டுவார். பிள்ளை பார்க்கும், முயலும், மறுபடி தவறும், நாலாவது தடவை வந்துவிடும். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. குறை என்னவென்றால், ஆறு வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை படித்தது அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்தும் போகிறது.

தமிழ்நாட்டு ஆசிரியரிடம் ஜூமில் படிப்பதற்கு நேரம் தோதாகத்தான் இருக்கிறது. நமக்கு மாலை 4 மணி என்றால் அங்கே இரவு 7.30. இலக்கணம் சுத்தமாக வரும், வயதுக்கேற்ற பாடமும் கிடைக்கும். ஆனால் டேட்டா செலவு கடிக்கிறது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் தலையிட்ட பிறகு, 2020 ஏப்ரலில் வோடாகாம் என்ற மொபைல் நிறுவனத்தின் 30 நாள் 1 ஜிபி டேட்டா 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. அப்படியும் சில வீடியோ வகுப்புகளிலேயே ஒரு ஜிபி தீர்ந்துவிடும். 2023இல் லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வைஃபை பாதி வகுப்பில் போய்விடும். இப்போது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. அங்கிருக்கும் ஆசிரியர், பிள்ளை வீட்டில் தமிழ் கேட்டு வளர்வதாக நினைத்துப் பாடம் நடத்துகிறார். புரியாத பிள்ளை கேமராவை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் வழி எளிமையானது. டீச்சர் ஒரு வரியைப் பேசி அனுப்புவார். பிள்ளை அதைக் கேட்டு, தானும் பேசிப் பதிவு செய்து திருப்பி அனுப்பும். ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு எம்பிகூட ஆகாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அனுப்புவதற்கு முன் பிள்ளை தன் குரலைத் தானே கேட்டு, சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடி பேசுவது. யாரும் சொல்லாமலே பயிற்சி நடக்கிறது, பக்கத்தில் நிற்கும் அம்மாவும் சேர்ந்து கற்றுக்கொள்கிறார். எழுத்துப் பயிற்சிக்கு இது போதாது. நோட்டைப் படம் பிடித்து அனுப்பினால் 'இ' எழுதியிருப்பது தெரியும், எங்கே தொடங்கிச் சுழித்தது என்பது தெரியாது.

2001இல் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் மழலைப் பாடங்களும் பாட்டுகளும் இலவசம். துணைக்கு அருமையானவை. ஆனால் நாம் பேசுவதைக் கேட்டுத் திருத்த அங்கே ஆள் இல்லை.

என் கணக்கில் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கோவில் வகுப்பும், வார நாட்களில் வாட்ஸ்அப்பும் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தபின் ஜூமுக்குப் பணம் கட்டலாம். கோவில் கமிட்டிகள் டேப்லெட் வாங்கப் பணம் திரட்ட வேண்டாம். கௌதெங் மாகாணப் பள்ளிகளுக்குக் கொடுத்த டேப்லெட்டுகளைத் திருட்டுக்குப் பயந்து 2015இல் கல்வித்துறையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கமிட்டி திரட்டும் பணத்தில் டீச்சருக்கு மாதாமாதம் டேட்டாவும் ஒரு சம்பளமும் கொடுங்கள். ராத்திரி உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் கேட்டுத் திருத்துகிறவர் அவர்தான், பல இடங்களில் அதற்கு ஒரு காசும் வாங்காமல்.