ஃபிஃபோவா, சராசரி விலையா: பாக்கெட் சரக்கு குடோனுக்கு எது?

பிஸ்கட், எண்ணெய், மசாலா என்று பாக்கெட் சரக்கு விநியோகிக்கும் நிறுவனத்துக்கு ஃபிஃபோவே சரி. முதலில் வாங்கியது முதலில் விற்றதாக எழுதும் கணக்கு அது. கடைசியில் வந்ததை முதலில் கழிக்கும் லிஃபோவை இந்தியாவின் ஏஎஸ் 2 என்ற கணக்கியல் தரநிலை அனுமதிப்பதில்லை. ஆகவே எதிரில் நிற்பது எடையிட்ட சராசரி மட்டும்: வெவ்வேறு விலையில் வாங்கியதை அளவுப்படி கலந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை போடும் முறை.

லாபக் கணக்கு பலருக்கும் தெரிந்தது. எண்ணெய் 100 பெட்டி ரூ.1,200 வீதமும், பிறகு 200 பெட்டி ரூ.1,350 வீதமும் வாங்கி 150 பெட்டி விற்றால், கையிருப்பு ஃபிஃபோவில் ரூ.2,02,500, சராசரியில் ரூ.1,95,000. இந்த ரூ.7,500 அந்தச் சரக்கு விற்றுத் தீர்ந்ததும் நேராகிவிடும். இதை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது எக்ஸ்பயரி. காலாவதிச் சரக்கை அழித்தால், வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்காக நம் வரியில் கழித்துக்கொண்டதை, அரசுக்குத் திருப்பியாக வேண்டும். சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அப்படி. எந்த பில்லில் எவ்வளவு வரி என்பது இங்கே முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி நீங்கலாக ரூ.1,000 விலையுள்ள ஒரு பெட்டி கெட்டுப்போனால், பழைய பில் என்றால் ரூ.180 திருப்ப வேண்டும், புதியது என்றால் ரூ.50. ஃபிஃபோவில் ஒவ்வொரு பில்லின் சரக்கும் அதன் விலையோடு தனி அடுக்காகக் கணக்கில் நிற்கிறது. கெடுவதும் பெரும்பாலும் அடியில் கிடக்கும் பழைய அடுக்குதான். சராசரியில் அடுக்குகள் கரைந்துவிடும். பேட்ச் பதிவு தனியாக வைத்து பில்லைத் தேடிப் பிடிக்கலாம், ஆனால் கெட்ட சரக்குக்காகக் கணக்கிலிருந்து நீக்கும் தொகை சராசரி விலையிலும் திருப்பும் வரி பில் விலையிலும் நிற்கும். ஆடிட்டர் கேட்கும்போது இரண்டையும் ஒப்புவிக்கத் தனித் தாள் போட வேண்டும்.

ஃபிஃபோவிலும் ஓட்டை உண்டு. பிந்தி வந்த லோடில் எக்ஸ்பயரி முந்தி இருந்தால், ஆட்கள் அதைத்தான் முதலில் ஏற்றுவார்கள், ஏற்றவும் வேண்டும். கணக்கு வேறு அடுக்கைக் கழிக்கும். அதனால் பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரி தேதியும் கொள்முதல் பதிவிலேயே ஏற வேண்டும். பத்துக்கு ஒன்று இலவசம் என்று வந்தால் பதினொன்றாக வகுத்து அடக்க விலை போடுங்கள்: ரூ.1,000 பெட்டி ரூ.909.09 ஆகும். இலவசப் பெட்டியைப் பூஜ்ய விலையில் தனி அடுக்காக விட்டால், அது விற்கும் நாளில் லாபம் பொய்யாக எகிறும்.

எந்த முறையானாலும் எக்ஸ்பயரி நெருங்கிய சரக்கை அடக்க விலையிலேயே காட்டக் கூடாது. ரூ.1,350 பெட்டி ரூ.1,000-க்குத்தான் போகும், விற்பனைச் செலவு ரூ.40 என்றால், மதிப்பு ரூ.960.

மூட்டை பிரித்து ஒரே தொட்டியில் கொட்டும் அரிசி, பருப்புக்குச் சராசரிதான் பொருந்தும். அங்கே எந்த லோடு எது என்று பிரிக்கவே முடியாது. அன்றாடம் தீரும் காய்கறிக்கு எதை வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

டேலி கணக்கு மென்பொருளில் புதிய பொருளுக்கு முறை தானாகச் சராசரியில் நிற்கும் என்பதைக் கவனியுங்கள். மாற்றுவதானால் ஏப்ரல் 1 அன்று பேட்ச் வாரியாக எண்ணி, பில் விலையில் ஆரம்ப இருப்பை ஏற்றி, மாற்றத்தால் லாபத்தில் வந்த வித்தியாசத்தைக் கணக்குக் குறிப்பில் எழுத வேண்டும்.