இரட்டை மானிட்டரில் ஒரே வால்பேப்பர்: லினக்ஸில் நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இரண்டு மானிட்டரில் முதலில் விரித்துப் பார்ப்பது இரட்டைக் கோபுரத்தைத்தான். கோபுரங்கள் திரைக்கு ஒன்றாக அழகாக உட்காரும். 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலம் மட்டும் சரியாக மானிட்டர் சட்டத்தில் மாட்டும். 3840×1080 படத்தை அப்படியே பாதியாக வெட்டினால், பாலம் சட்டத்தின் அகலத்துக்கு நீண்டு தெரியும். சாய்கோடுகள் சட்டத்தைத் தாண்டியதும் ஒடிந்து நிற்கும்.

சட்டத்துக்குப் பின்னாலும் படம் இருப்பதாகக் கணக்கிட வேண்டும். 24 அங்குல 1080 (1920×1080) திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.277 மி.மீ. நடுவில் சட்டங்கள் இரண்டும் சேர்ந்து 16 மி.மீ. என்றால் 58 பிக்சல். ஆகவே படத்தை 3898×1080 ஆக்கி, இடப்பக்கம் 1920 வெட்டி, அடுத்த 58-ஐ விட்டுவிட்டு, 1978-இலிருந்து வலப்பக்கத்தை எடுக்க வேண்டும். இதற்குக் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் போதும். சட்டத்தை அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். திரையைச் சுற்றி ஒளிராத கறுப்பு ஓரமும் கணக்கில் சேரும்.

லோ யாட் பிளாசாவில் வெவ்வேறு சமயத்தில் வாங்கிய மானிட்டர்கள் என்றால் வேலை கூடும். 27 அங்குல 1440 (2560×1440) திரையில் பிக்சல் 0.233 மி.மீ.தான். அதே பாலம் பக்கத்து 24 அங்குலத் திரையில் தடித்துத் தெரியும். பெரிய திரையின் அளவில் மூலப்படத்தை வைத்து, சிறிய திரைக்கு 2276×1280 பகுதியை வெட்டி 1920×1080-க்குச் சுருக்கினால் சரியாகும். 23.8 அங்குலத் திரைக்கு வெட்டும் பகுதி சற்றுக் குறையும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு சூப்பர்பேப்பர் என்ற வால்பேப்பர் மென்பொருள் இருக்கிறது. திரை அளவையும் சட்டத்தையும் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெட்டிய துண்டுகளை வைக்க, லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் கேடிஇ பிளாஸ்மாதான் வசதி. ஒவ்வொரு திரையிலும் வலது கிளிக் செய்து தனித்தனியாகக் கொடுக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு சூழலில் அமைப்புச் சாளரத்தை அந்தந்தத் திரைக்கு இழுத்துப்போய் மாற்ற வேண்டும். அது போர்ட்டின் பெயரில் நினைவு வைப்பதால், கேபிளை எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றினால் பழைய படம் போய்விடும். டாக் (பல போர்ட்டுகள் உள்ள இணைப்புப் பெட்டி) வழியாக மடிக்கணினியை இணைப்பவர்களுக்கு இது ஓயாத தொல்லை.

குனோம் சூழலில் திரைக்கு ஒரு படம் என்ற வசதியே கிடையாது. எல்லாத் திரைக்கும் ஒரே படத்தை விரிக்கும் 'ஸ்பேன்ட்' தேர்வு அதன் கூடுதல் அமைப்புச் செயலியான டுவீக்ஸில் கிடைக்கும். திரைக்கு ஒரு படம் வைக்க உதவும் ஹைட்ராபேப்பர் செயலியும் படங்களை ஒன்றாக ஒட்டி இந்தத் தேர்வைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் திரைகளின் இடத்தை மாற்றினால் ஹைட்ராபேப்பரை மறுபடி இயக்க வேண்டும்.

இன்னொன்று: 2022-இல் வந்த குனோம் 42-இலிருந்து டார்க் தோற்றத்துக்குத் தனிப் படம். ஸ்கிரிப்டில் சாதாரணப் படத்தை மட்டும் மாற்றிவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று முழிப்பவர்கள் இரண்டையும் மாற்றிப் பார்க்கவும்.