கதிர்காம யாத்திரை என்று 72,000 ரூபாய் போனது: கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்கள் கவனம்

கதிர்காமத்தில், மாணிக்க கங்கை ஆற்றில் தீர்த்தம் முடிந்துவிட்டது. நாங்கள் இன்னும் கிளிநொச்சியில்தான் இருக்கிறோம். 72,000 ரூபாயும் போய்விட்டது. கோபம் ஆற முதல் எழுதிவிடுகிறேன்.

ஆடித் திருவிழாவுக்கு "சொகுசு பஸ், தங்குமிடம், மூன்று நேரச் சாப்பாடு" என்று ஒரு யாத்திரைக் குழு சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டிருந்தது. ஆளுக்கு 12,000, நாங்கள் ஆறு பேர். பேரன் ஆபரேஷன் முடிந்து நல்லபடி எழும்பினால் கங்கையில் முழுகிக் காவடி எடுக்கிறேன் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார்.

ஃபோனில் பேசியவர் "அரோகரா" என்றுதான் தொடங்குவார். தான் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து வேலோடு கதிர்காமம் நடந்து போன ஆள் என்றார். அம்மாவுக்கு அது போதும். அம்மா முல்லைத்தீவில், வற்றாப்பளைக்குக் கிட்ட உள்ள முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவர். சந்நிதியில் வெளிக்கிடும் பாதயாத்திரைக்காரர் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் திருகோணமலைப் பக்கம் இறங்குவார்கள். பிறகு வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, அதற்கு அங்கால் காட்டுப்பாதை. வழியில் கிடைக்கிற சோற்றைச் சாப்பிட்டு மாதக்கணக்கில் நடக்கிற சனம். அம்மாவின் வீட்டிலும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படி நடந்த மனுசன் பொய் சொல்லுமா என்பது அவருடைய கணக்கு. அந்த ஆளோ, "அம்மான்ட நட்சத்திரம் சொல்லுங்கோ தங்கச்சி, அர்ச்சனைக்கு இப்பவே எழுதி வைக்கிறன்" என்றார். நட்சத்திரம் சொன்ன கையோடு வங்கிக் கணக்கு இலக்கம் வந்தது. முழுக்காசும் கட்டினால்தான் சீட்டாம்.

ஏறுமிடம் முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிடுவோம் என்றார். ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் அங்கே நிற்பது வழக்கம்தானே, சந்தேகப்பட ஒன்றுமில்லை. பின்னேரமே போய் நின்றோம். வேறு குடும்பங்களும் பைகளோடு நின்றன. ஃபோனில் கேட்டால், "ஆனையிறவில டயர் வெடிச்சிட்டுது" என்றார்கள். பிறகு "பரந்தனில டீசல் அடிக்கிறம்." அதற்குப் பிறகு ஃபோன் வேலை செய்யவில்லை. இரவு கடை கட்டும்போது கச்சான் விற்கிற அக்கா சொன்னார்: "போன கிழமையும் இப்பிடி ஒரு கூட்டம் நிண்டது பிள்ளை."

அடுத்த நாள் வேறொரு நம்பரில் ஒருவர் எடுத்தார். தான் புக்கிங் மட்டும்தானாம், பஸ் வேறு ஆளாம். அந்த வேறு ஆளின் நம்பர் பாவனையில் இல்லை. பிறகு, காசை அடுத்த வருடத் திருவிழாவுக்கு மாற்றி விடலாமாம். 72,000 ரூபாய், திருப்பித் தா என்று கத்தினேன். "முருகன்ட காசை நாங்க சாப்பிடமாட்டம், பொறுமையா இருங்கோ" என்று பதில் வந்தது. அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நீங்களாகப் போட்ட காசு, பொலிசுக்குப் போங்கள் என்கிறார்கள். பொலிசில் முறைப்பாட்டை எழுதி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் எரிவது இதுதான். அந்த 12,000 ரூபாய்க்குள் "சுவாமிக்குக் கிட்ட நின்று விசேட அபிஷேகம் பார்க்கலாம்" என்பதும் அடக்கம். வீட்டுக்கு வந்த பிறகு விளம்பரத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்க ஆர் விக்கிரகத்தைக் கண்டது? முருகன் படம் போட்ட திரைதானே தொங்குது. கப்புறாளை, அதான் அங்கத்த பூசாரி, வாயைத் துணியால கட்டிக்கொண்டு உள்ளுக்குப் போய்ப் பூசை செய்வார். பெரகரா ஊர்வலத்திலயும் பேழைதான் யானை மேல வள்ளியம்மன் கோவிலுக்குப் போகும்" என்றார். ஒருமுறை பஸ்ஸில் போய் வந்தவருக்கே தெரிகிற விஷயம், நடந்து போனவருக்குத் தெரியவில்லை!

சரி, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுக்காசையும் முற்பணமாகக் கட்டாதீர்கள். பஸ் நம்பரையும் சாரதியின் ஃபோன் நம்பரையும் முதலே வாங்குங்கள். கணக்கு வேறொருவரின் பெயரில் இருந்தால் போடவே வேண்டாம். கதிர்காமத்தில் அபிஷேகச் சீட்டு என்று யாரும் விற்றால் ஃபோனை வையுங்கள்.

அதே குழு இப்போது நல்லூர்த் தேருக்கு சீட் இருக்கிறது என்று புது விளம்பரம் போட்டிருக்கிறது. மயில் படம்கூட மாறவில்லை, கணக்கு இலக்கம்தான் வேறு. அன்றிரவு முறிகண்டியில் நின்ற குடும்பங்கள் இதைப் பார்த்தால், பணம் போட்ட சிட்டையை எடுத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். என்னுடைய 72,000 ரூபாய்க்காக மட்டும் பொலிஸ் ஓடித்திரியப் போவதில்லை.