கிளிநொச்சியிலிருந்து பார்த்த ஒரு படக்களஞ்சியம்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும், 1930களில் கிராமத்து ஏழைகளுக்கு உதவிய அமெரிக்க அரச அமைப்பான விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஒளிப்படத் தொகுப்பை, வீட்டுத்திட்டப் படங்கள் எடுத்துப் பழகிய கண்ணோடுதான் பார்க்கத் தொடங்கினேன். பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 1935இல் அந்த வேலையைத் தொடங்கிய அரச அமைப்பின் பெயர் மீள்குடியேற்ற நிர்வாகம் என்று அறிந்ததும், போருக்குப் பின் மீள்குடியேற்றம் நடந்த வன்னியில் வாழும் ஒருவனாக அச்சொல்லைக் கடந்து போகச் சற்று நேரம் பிடித்தது.

170,000க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களில் நான் தேடியவை வீடுகள். அந்த அமைப்பின் ஒளிப்படக்காரர் வோக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமாவில் எடுத்த ஒரு குசினிச் சுவரில், பலகையில் அறைந்த சலாகைக்குப் பின்னால் கரண்டிகள் செருகப்பட்டிருக்கின்றன. அகப்பையைக் கிடுகில் செருகி வைத்த கொட்டில்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மிசூரியில் ரசல் லீ 1938இல் எடுத்தவையோ பழைய குடிசையையும் அரசின் புதிய வீட்டையும் காட்டுபவை. கிராமத்து ஏழைகளுக்கு உதவி தேவை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸையும் பத்திரிகை வாசகர்களையும் நம்பவைக்க எடுக்கப்பட்ட படங்கள் இவை என்பதை மறந்துவிட்டுப் பார்க்க முடியாது. போரால் வீடிழந்தோருக்கு இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காலத்தில் நான் எடுத்தவை அத்திவாரம், சுவர், கூரை என்பதோடு நின்றுவிட்டன. குசினிக்குள் நான் போகவே இல்லை.

இச்சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒரு படத்தின் இலக்கத்துக்கு அடுத்தடுத்த இலக்கப் படங்களையும் காட்டும் வசதி. அந்த நிர்வாகத்தின் ஒளிப்படப் பிரிவுத் தலைவர் ரோய் ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று துளையிட்டுக் கழித்த படச்சுருள்களையும் நூலகம் மறைக்காமல் பதிவேற்றியிருக்கிறது. முகத்தின் மேலோ முற்றத்திலோ கரிய வட்டம் விழுந்த அப்படங்கள் பெரும்பாலும் தலைப்பில்லாமல் கிடக்கின்றன. எதைக் காட்டினார்கள் என்பதோடு எதை ஒதுக்கினார்கள் என்பதையும் பார்க்க விடும் அரச தொகுப்பு வேறொன்றை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. தேடலுக்கு ஆங்கிலம் வேண்டும். குறிப்புகளில் ஊர், மாதம், எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்க, வீட்டுக்காரரின் பெயர் பல இடங்களில் இல்லை. பெரிய டிஃப் கோப்புகள் கைத்தொலைபேசி டேட்டாவை விழுங்கிவிடும். சிறிய ஜேபெக் பிரதிகளில் தெரிவுசெய்து, தேவையானவற்றை மட்டும் வைஃபை உள்ள இடத்தில் இறக்குவது நல்லது.