டேர் கவுண்டியின் சிக்கமக்காமிக்கோ உயிர்காப்பு நிலையம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அட்லான்டிக் பெருங்கடலை ஒட்டி நீளும் மணல் தீவுகளைக் கொண்ட டேர் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) செல்பவர்களில் பெரும்பாலோர் மூன்று இடங்களோடு திரும்பிவிடுகிறார்கள். 1587இல் குடியேறிய ஆங்கிலேயர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாத ரோனோக் தீவு, 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்து காட்டிய கில் டெவில் ஹில்ஸ், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சுற்றிய ஹாட்டெரஸ் முனைக் கலங்கரை விளக்கம் ஆகியவையே அவை. மூன்றும் பார்க்கத் தகுந்தவைதாம். எனினும் இக்கரையிலேயே பிறந்து, இக்கடலை நம்பிப் பிழைத்தவர்களைப் பற்றி அறிய விரும்புபவருக்கு நான் முதலில் சொல்வது ரொடான்தே கிராமத்திலுள்ள சிக்கமக்காமிக்கோ உயிர்காப்பு நிலைய அருங்காட்சியகத்தைத்தான்.

இந்தக் கவுண்டி 1870இல் அண்டைக் கவுண்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. ரோனோக் தீவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தையான வர்ஜீனியா டேரின் பெயரே இதற்கு இடப்பட்டது. தற்போதைய ஹாட்டெரஸ் கலங்கரை விளக்கம் ஒளிரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இப்பகுதியில், இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல் திட்டுகளில் தரைதட்டி உடைந்த கப்பல்கள் ஏராளம் என்பதால், விளக்கு மட்டும் போதாது என்று உணர்ந்த மத்திய அரசு கரையோரமாக உயிர்காப்பு நிலையங்களைக் கட்டியது. சிக்கமக்காமிக்கோவின் முதல் கட்டடம் 1874ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனருகே 1911இல் கட்டப்பட்ட பெரிய கட்டடமும் நிற்கிறது.

பழைய கட்டடத்திலுள்ள 1046ஆம் எண் படகை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். 1918 ஆகஸ்ட் 16 அன்று, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு ஆளான மிர்லோ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலிலிருந்து கசிந்த எரிபொருள் கடல் பரப்பில் பற்றியெரிய, ஜான் ஆலன் மிட்ஜெட் தலைமையிலான குழுவினர் இந்தப் படகில்தான் தீக்குள் புகுந்து 42 பேரைக் கரை சேர்த்தார்கள். அத்தனை தீயையும் இது எப்படித் தாங்கியது என்று வியக்கும் அளவுக்கு எளிய மரப்படகு அது.

காட்சிப் பொருள்களைவிட ஒருபடி மேலானது கோடைக்காலத்தில் நடத்தப்படும் மீட்புப் பயிற்சிச் செய்முறை. சிறு பீரங்கியால் கயிறு கட்டிய குண்டைக் கப்பலின் பாய்மரம் வரை எறிந்து, அக்கயிற்றின் வழியே, அரைக்கால் சட்டை தைத்துப் பொருத்திய மிதவை வளையத்தில் ஒவ்வொருவராக உட்கார வைத்து இழுப்பார்கள். அக்காலத்தில் இந்தப் பயிற்சியை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. புயல் இரவில் கடற்கரையில் நடந்து காவல் காத்தவர், பக்கத்து நிலையத்துக் காவலரைப் பாதி வழியில் சந்தித்து உலோக வில்லையை மாற்றிக்கொண்டு திரும்புவார். தூங்காமல் நடந்ததற்கு அதுவே சான்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் காணாமல் போகும் நம் காலத்து வழக்கம் அங்கே செல்லாது.

இந்த நிலையத்தோடு நின்றுவிட்டால் வரலாறு பாதிதான். இதற்கு வடக்கே இருந்த பீ தீவு நிலையத்துக்கு, ரோனோக்கில் அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் எத்தரிட்ஜ் 1880இல் தலைவரானார்; அவருக்குக் கீழ் பணிபுரிந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். 1896 அக்டோபரில் உடைந்த ஈ. எஸ். நியூமன் கப்பலிலிருந்து ஒன்பது பேரையும் மீட்ட அவர்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைக்க 1996 வரை ஆயிற்று. அதைப் பற்றி அறிய, கவுண்டித் தலைநகரான மான்டியோவில், பீ தீவு நிலையத்தின் பழைய சமையற்கூடத்தில் அமைந்துள்ள சிறிய அருங்காட்சியகத்துக்கும் செல்ல வேண்டும். ரைட் சகோதரர்களின் முதல் பறத்தலைப் படமெடுத்த ஜான் டேனியல்ஸும் கில் டெவில் ஹில்ஸ் நிலையத்தின் உயிர்காப்பாளர்தாம் என்பதை நினைவில் கொண்டால், அங்குள்ள ரைட் சகோதரர்கள் நினைவிடத்தையும் வேறு கண்ணோடு பார்க்கலாம்.

2020 கணக்கெடுப்பின்படி 36,915 பேர் வாழும் இக்கவுண்டி இன்று பெரிதும் சுற்றுலாவை நம்பியிருக்கிறது. கோடையில் வாடகை வீடுகள் நிரம்பி வழிகின்றன. ரொடான்தேயில் 2020க்குப் பிறகு அத்தகைய கடலோர வீடுகள் பல அலையில் இடிந்து விழுந்திருக்கின்றன. அடிக்கடி மூழ்கிய நெடுஞ்சாலை 12இன் ஒரு பகுதியைத் தவிர்க்க, 2022இல் உள்கழி நீர்ப்பரப்பின் மேல் நீண்ட பாலம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்திலிருந்து கடற்கரைக்கு நடந்து சென்றாலே அரிப்பின் வேகம் புரியும். கண்காட்சியின் தொடர்ச்சியாகவே அந்நடையைக் கருத வேண்டும்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் இங்கே வருவது கடினம். குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதாலும், பயிற்சிச் செய்முறை எல்லா நாளும் நடப்பதில்லை என்பதாலும், அது நடக்கும் நாள் எது என்று உறுதி செய்துகொண்ட பிறகே தங்குமிடத்தைப் பதிவு செய்வது நல்லது. அந்தச் செய்முறை இல்லாத நாளில் ஒரு மணி நேரம் போதும். இருக்கும் நாளில் அரை நாளை ஒதுக்கலாம்.